சாப்பிட மறுக்கும் பிள்ளையும் ஏறாத எடையும்

பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை, ஐந்தாம் மாதத்தில் ஏறக்குறைய 6 கிலோ ஆகிறது. முதல் பிறந்த நாளில் 9 கிலோவை எட்டிவிடுகிறது. அதன்பிறகு வேகம் குறைகிறது. இரண்டாம் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஏறுவது இரண்டரை கிலோதான். அதற்கடுத்த ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 கிலோ ஏறினாலே சரி. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். நடக்கவும் ஓடவும் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் கிண்ணத்தைவிட வாசலில் ஓடும் பூனை முக்கியமாகிவிடும். "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறான்" என்ற புலம்பல் வீடுகளில் எழுவது பெரும்பாலும் இந்த வயதில்தான்.

அந்தப் புலம்பலில் இரண்டு வேறு நிலைமைகள் கலந்திருக்கின்றன. குறைவாகச் சாப்பிட்டாலும் தன் அளவுக்குச் சரியாக வளரும் பிள்ளை ஒன்று. உண்மையிலேயே எடை ஏறாமல் பின்தங்கும் பிள்ளை மற்றொன்று. முதல் பிள்ளைக்கு வற்புறுத்தி ஊட்டுவதால் கெடுதல். இரண்டாவது பிள்ளையை 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவதால் கெடுதல். இரண்டையும் பிரித்தறிந்து, அதற்கேற்ப உணவையும் ஊட்டும் முறையையும் மாற்றுவதே எடை ஏறுவதற்கான வழி.

பெரும்பாக்கத்தின் இரு பக்கங்கள்

சென்னையின் தென்புறத்தில் இந்தச் சிக்கலின் எல்லா முகங்களையும் ஒரே இடத்தில் காட்டும் ஊர் பெரும்பாக்கம். ஒரு பக்கம், இன்று தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கும் குடிசை மாற்று வாரியம் கட்டிய எட்டு மாடிக் குடியிருப்புகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் இங்கேதான் குடியமர்த்தப்பட்டன. மறுபக்கம், மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையை ஒட்டி எழுந்த தனியார் அடுக்ககங்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளம் தம்பதியர் பலர் அங்கே வசிக்கிறார்கள்.

வாரியக் குடியிருப்பில், வீட்டு வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கும் நகருக்குள் போகும் தாய்மார்கள் விடிந்ததும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ, அக்காளோ, பக்கத்து வீட்டாரோதான். காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும், பதினோரு மணிக்குக் கீழ்த்தளக் கடையின் ஐந்து ரூபாய் பாக்கெட், மதியம் கொஞ்சம் ரசம் சாதம் என்று பொழுது போய்விடுகிறது. அடுக்ககத்தில் பொருளுக்குக் குறைவில்லை. அங்கே சிக்கல் வேறு. ஒன்றரை வயதிலும் மிக்ஸியில் அரைத்த கூழ், பாட்டில் பாட்டிலாகப் பால், கண்ணெதிரே ஓடும் யூடியூப் பாட்டு, ஒரு மணி நேரம் நீளும் ஊட்டல். வழிகள் வேறானாலும் முடிவு ஒன்று: சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைக்குப் பசி இருப்பதில்லை.

ஏழ்மை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஏழ்மைக்குத் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள், 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருப்பவர்களில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

முதலில் எடை

கண்ணால் பார்த்து 'இளைத்துவிட்டான்' என்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் கணக்காகாது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளே இன்று அங்கன்வாடியிலும் ஆஸ்பத்திரியிலும் பயன்படுகின்றன. ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்ட இந்த அளவுகளில் தெற்கு டெல்லிக் குழந்தைகளும் அடக்கம். 'வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அளவு நமக்கு எப்படிப் பொருந்தும்' என்ற ஐயத்துக்கு இதுவே விடை: போதிய உணவும் சுகாதாரமும் கிடைத்தால் எல்லா நாட்டுக் குழந்தைகளும் இந்த வயதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள்.

அந்த அளவின்படி ஒரு வயதில் ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ. இரண்டு வயதில் 12.2, 11.5, மூன்று வயதில் 14.3, 13.9. நடுத்தரத்துக்குக் கீழே இருப்பதாலேயே ஒரு குழந்தை நோஞ்சான் ஆகிவிடாது. நலமான குழந்தைகளிலேயே பாதிப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். கவலைப்பட வேண்டிய எல்லை வேறு: இரண்டு வயதில் ஆண் 9.7, பெண் 9 கிலோவுக்குக் கீழே. மூன்று வயதில் ஆண் 11.3, பெண் 10.8 கிலோவுக்குக் கீழே. கைச்சுற்றளவு இன்னொரு அளவு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது மேல்கையின் நடுவில் நாடா வைத்துப் பார்க்கும்போது 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மெலிவு, 11.5க்குக் குறைந்தால் கடும் மெலிவு, உடனடி சிகிச்சை தேவை.

ஒரு நாளில் எடுத்த எடையைவிட, மாதந்தோறும் எடுத்த எடைகளைச் சேர்த்தால் கிடைக்கும் கோடுதான் அதிகம் சொல்லும். இதை நாட்டுக்கே செய்து காட்டியது தமிழ்நாடு. உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் ஊர்தோறும் மாதம் தவறாமல் எடை போடப்பட்டார்கள். எல்லாருக்கும் உணவு கொடுக்கும் திட்டமாக அது வகுக்கப்படவில்லை. எந்தக் குழந்தைக்கு எடை ஏறாமல் நின்றதோ அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்து லட்டு கொடுத்தார்கள். அதற்குள் அரைக் கிலோ ஏறினால் நிறுத்திவிடுவார்கள். ஏறாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். எடை குறைந்து மெலிந்த பிறகு காப்பாற்றுவதைவிட, கோடு படுக்கத் தொடங்கும்போதே கவனிப்பது எளிது என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை. வீட்டுக்கும் அதுவே பொருந்தும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு மாதம் 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்லது. ஒரு மாதம் காய்ச்சலாலோ வயிற்றுப்போக்காலோ ஏறாமல் போகலாம். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து கோடு படுத்துக் கிடந்தால் காரணத்தைத் தேட வேண்டும். ஒரே தராசில், மெல்லிய உடையோடு, டயப்பர் இல்லாமல், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடை போடுவது அவசியம். நனைந்த டயப்பரே ஒரு மாத எடையைப் பொய்யாக்கப் போதும். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை போடுகிறார்கள். தாய் சேய் நல அட்டையில் உள்ள பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகளில் பிள்ளையின் புள்ளி எங்கே விழுகிறது, போன மாதத்தைவிட மேலே போயிருக்கிறதா என்று பணியாளரிடம் கேட்டுப் பார்ப்பது ஒவ்வொரு தாய்க்கும் உள்ள உரிமை.

ஏன் மறுக்கிறது?

காரணங்களில் முதலாவது இயல்பானது. ஒன்றரை, இரண்டு வயதில் பிள்ளைகளுக்குப் புது உணவின் மேல் ஒரு அச்சம் வருகிறது. நேற்று வரை சாப்பிட்ட கீரையை இன்று துப்பும். இத்தனை நாள் பெரியவர் கொடுத்ததை வாங்கிக்கொண்ட பிள்ளை, தன்னால் மறுக்க முடியும் என்று கண்டுபிடித்த வயது இது. அடம் வளர்ச்சியின் அடையாளம். பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் வயதில் தணிந்துவிடும்.

இரண்டாவது, இடையில் நிரம்பும் வயிறு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1,100 கலோரி. அரை லிட்டர் நீலப் பாக்கெட் ஆவின் பாலில் 300 கலோரி இருக்கிறது. ஒரு லிட்டர் குடிக்கும் பிள்ளை தன் தேவையில் பாதிக்கு மேல் பாலிலேயே தீர்த்துக்கொள்கிறது. பிறகு சோற்றைப் பார்த்து முகம் திருப்புவதில் வியப்பில்லை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் அந்தப் பிள்ளைக்கு ரத்தசோகையும் வருகிறது. ரத்தசோகை வந்தால் பசி மேலும் மந்தமாகும். பசி மந்தமானால் பிள்ளை பாலையே கேட்கும். இந்தச் சுழலை உடைக்காமல் எந்த டானிக் கொடுத்தும் பயனில்லை. ஒரு வயதுக்கு மேல் பசும்பால் நாளுக்கு 400, 500 மில்லிக்குள் இருக்க வேண்டும். அதுவும் டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு. தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். சாப்பாட்டுக்குச் சற்று முன் கொடுப்பதை மட்டும் தவிர்த்தால் போதும். டீ குழந்தைகளுக்கானதே அல்ல. வயிற்றை நிறைப்பதோடு, உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமலும் தடுக்கிறது.

மூன்றாவது, மெல்லப் பழகாதது. எட்டு, ஒன்பது மாதத்திலேயே கையால் மசித்த, கட்டிகள் உள்ள உணவுக்குக் குழந்தை பழக வேண்டும். பத்து மாதம் கடந்தும் கூழையே விழுங்கி வளர்ந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் சாப்பாட்டுத் தகராறு அதிகம் என்பது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில் தெரியவந்தது. மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கரண்டியால் மசிப்பது, பிறகு விரலால் பிசைவது, பிறகு அப்படியே கொடுப்பது என்று சில வாரங்களில் படிப்படியாக மாற்றலாம்.

நான்காவது, உடல்நலக் காரணம். மலச்சிக்கல், வாய்ப்புண், பல் சொத்தை, அடிக்கடி வரும் சளி, சிறுநீர்த் தொற்று, குடற்புழு ஆகியவை பசியைக் கெடுக்கும். மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாக்பீஸ் ஆகியவற்றைத் தின்னும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால், எடை ஏறாத பிள்ளையைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். நெருக்கமான குடியிருப்புகளில் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

ஐந்தாவது, வற்புறுத்தல். மூக்கைப் பிடித்து ஊட்டுவது, 'பூச்சாண்டி வருவான்' என்று மிரட்டுவது, கைகாலை அழுத்திப் பிடித்துக்கொள்வது ஆகியவற்றால் ஒரு வேளை கிண்ணம் காலியாகலாம். அடுத்த வேளை கிண்ணத்தைக் கண்டதுமே பிள்ளை அழும். அழும்போது ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் போகும் ஆபத்தும் உண்டு.

யார் எதைத் தீர்மானிப்பது?

அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் 1980களில் வகுத்துச் சொன்ன பொறுப்புப் பகிர்வு இன்று குழந்தை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் முறையாகிவிட்டது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: என்ன வேண்டும் என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறது, எவ்வளவு என்பதைப் பெரியவர் தீர்மானிக்கிறார்.

பிள்ளையின் பசியை நம்பலாமா என்ற கேள்விக்குப் பழைய சோதனை ஒன்று விடை தருகிறது. கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், 1926இல் தொடங்கிய ஆய்வில், பால் மறக்கத் தொடங்கிய 15 குழந்தைகளுக்குத் தட்டில் பல உணவுகளை வைத்து, எதையும் வற்புறுத்தாமல் விட்டார். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகச் சாப்பிட்டது. ஒரு நாள் முட்டையாகவே தின்றது, மறுநாள் தொடவில்லை. ஆனாலும் நன்றாக வளர்ந்தன. 1939இல் முடிவுகளைத் தொகுத்துச் சொன்னபோது அவர் ஒன்றைத் தெளிவாக்கினார்: வைக்கப்பட்ட 34 உணவுகளும் இயற்கையானவை; சர்க்கரைப் பண்டம் ஒன்றுகூட அதில் இல்லை. குழந்தையின் தேர்வு நல்ல தேர்வானது, பெரியவர் வைத்த பட்டியல் நல்ல பட்டியலாக இருந்ததால்தான். தட்டருகே சிப்ஸ் பாக்கெட்டும் இருக்கும் வீட்டில் 'அவன் இஷ்டத்துக்கு விட்டோம்' என்பது இந்த முறை ஆகாது.

புது உணவுக்குப் பழக்குவதில் பொறுமை வேண்டும். உளவியலாளர் லீன் பர்ச் 1980களில் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகள், ஒரு புது உணவைப் பத்து, பதினைந்து தடவை சுவைத்த பிறகே அது பிடித்துப்போகிறது என்று காட்டின. மூன்று தடவை துப்பியதும் 'இவனுக்குக் கேரட் ஆகாது' என்று முடிவு கட்டுவது அவசரம். ஒரு சிட்டிகை அளவு, ஏற்கெனவே பிடித்த உணவின் பக்கத்தில், பேச்சில்லாமல் வைத்தால் போதும். பரிசு காட்டிச் சாப்பிட வைத்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். 'இதைக் குடித்தால் அது தருவேன்' என்று பழக்கப்பட்ட குழந்தைகளுக்கு அந்தப் பானம் முன்பைவிடப் பிடிக்காமல் போனது. 'கீரை சாப்பிட்டால் சாக்லேட்' என்ற பேரம் கீரையைத் தண்டனையாக்கிவிடுகிறது.

நடைமுறையில் இதன் வடிவம் எளியது. மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு இடைத்தீனி. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம். அந்த இடைவெளியில் தண்ணீர் தவிர வேறொன்றும் இல்லை. தரையிலோ மேஜையிலோ ஒரே இடம். மற்றவர்கள் சாப்பிடும்போது பிள்ளையும் உட்கார வேண்டும். அம்மா சாப்பிடுவதைப் பார்த்துத்தான் பிள்ளை கற்கிறது. தட்டில் முதலில் இரண்டு மூன்று ஸ்பூன் மட்டும், கேட்டால் மறுபடி. கையை விட்டுப் பிசைந்து இறைத்தாலும் திட்டாமல், பிள்ளை தானாகச் சாப்பிட ஒரு கிண்ணமும், பெரியவர் ஊட்ட ஒரு ஸ்பூனும் இருக்கலாம். இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. வாயை மூடிக்கொண்டாலோ தலையைத் திருப்பினாலோ 'போதும்' என்று பொருள், தட்டை எடுத்துவிடலாம். மிச்சம் வைத்த பிள்ளைக்குப் பரிதாபப்பட்டுப் பத்து நிமிடத்தில் பிஸ்கட் கொடுத்தால் முறை முழுவதும் வீணாகும். அடுத்த வேளை வரை காத்திருப்பதால் நலமான பிள்ளைக்குக் கெடுதல் வராது. ஏற்கெனவே கடும் மெலிவில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது; அதற்கு மருத்துவர் சொல்லும் அட்டவணையே வழி.

செல்போனை ஓடவிட்டு ஊட்டினால் பிள்ளை உண்மையிலேயே அதிகமாக விழுங்கும். அதனால்தான் அது பழகிவிடுகிறது. ஆனால் எதை, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதே தெரியாமல் விழுங்கும் பிள்ளைக்குத் தன் பசியை அறியும் பழக்கம் வருவதில்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதன்பின் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாள் சாப்பாடு குறையும். அந்தச் சில நாளைப் பொறுத்துக்கொண்ட வீடுகளில் பசி மெல்லத் தன் நேரத்துக்குத் திரும்பும்.

அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுவது

பிள்ளையின் வயிறு சிறியது. அதில் எத்தனை வாய் போகிறது என்பதைவிட ஒவ்வொரு வாயிலும் என்ன இருக்கிறது என்பதே எடையை ஏற்றும். ஒரு சிறு கிண்ணத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். 60 கிராம் குழைந்த சோறு, 40 கிராம் ரசம்: ஏறத்தாழ 85 கலோரி, புரதம் பேருக்கு. அதே 60 கிராம் சோற்றில், ரசத்துக்குப் பதிலாக 30 கிராம் கெட்டியான துவரம்பருப்பு மசியல், ஒரு டீஸ்பூன் நெய் சேர்த்தால் 155 கலோரி. அதோடு அரை அவித்த முட்டையை நசுக்கிப் பிசைந்தால் 190. கிண்ணத்தின் அளவு கொஞ்சம்தான் கூடியது. ஆற்றல் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, புரதமும் பல மடங்கு. பிள்ளை வழக்கம்போல் பாதியே சாப்பிட்டாலும், முன்பு முழுக் கிண்ணத்தில் கிடைத்ததைவிட அதிகம் கிடைத்துவிடும்.

தெளிந்த கஞ்சி, பருப்புத் தண்ணீர், சூப், ரசம் ஆகியவை வயிற்றை நிறைத்துப் பசியை அடைக்கும், எடை ஏற்றாது. பருப்பு வேக வைத்த தண்ணீரில் அல்ல, பருப்பில்தான் சத்து இருக்கிறது. நெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதுவானாலும் ஒரு டீஸ்பூனுக்கு 45 கலோரி. வேளைக்கு ஒரு டீஸ்பூன் சேர்ப்பது மிகவும் மலிவான வழி. வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை மாவு, எள்ளுப்பொடி ஆகியவற்றை இட்லியிலும் சாதத்திலும் கஞ்சியிலும் கலக்கலாம். முழுக்கடலை, முழுத் திராட்சை, கெட்டியான கேரட் துண்டு ஆகியவை தொண்டையில் சிக்கும். ஐந்து வயது வரை பொடித்தோ, நீளவாக்கில் வெட்டியோ, வேக வைத்தோ மட்டும் தர வேண்டும்.

முட்டை ஒன்றில் 70 கலோரியும் 6 கிராம் புரதமும் இருக்கின்றன. நெத்திலி, சங்கரா போன்ற மீன்களை முள் நீக்கி உதிர்த்துத் தரலாம். கோழி ஈரல் வாரம் ஒருமுறை சிறிதளவு தந்தால் இரும்புச்சத்து கிடைக்கும். சைவ வீடுகளில் பருப்பு, பயறு, கீரை ஆகியவற்றோடு எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி, கொய்யா ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாக ஏறும்.

அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவைப் பல வீடுகள் மூட்டையோடு ஒதுக்கிவைப்பது வருத்தத்துக்குரியது. கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலை மாவு, வெல்லம் ஆகியவற்றோடு வைட்டமின், தாதுச்சத்துகள் சேர்த்துத் தயாரிக்கப்படும் மாவு அது. முளைகட்டிய கேழ்வரகு அதில் சேர்வதற்குக் காரணம் உண்டு. தானியம் முளைவிடும்போது மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி உருவாகிறது. அந்த மாவில் கஞ்சி காய்ச்சினால் அதிக மாவு போட்டாலும் பசைபோல் இறுகாமல் குழந்தை விழுங்கும் பதத்தில் இருக்கும். ஒரே அளவு கஞ்சியில் கூடுதல் ஆற்றல் சேர்கிறது. வீட்டிலேயே கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்தாலும் இதே பலன்தான். சத்துமாவைக் கஞ்சியாகவே கொடுத்துச் சலிக்க வைக்காமல், நெய் விட்டு உருண்டை பிடிக்கலாம்; கொழுக்கட்டை, புட்டு, அடை, பால் சேர்த்த களி என்று மாற்றலாம்.

ஒரு நாள் உணவு இப்படி அமையலாம். காலை எட்டு மணிக்குச் சிறிய இட்லி இரண்டு, கெட்டிச் சாம்பார், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். பத்தரைக்கு ஒரு சத்துமாவு உருண்டையும் பாதி வாழைப்பழமும். ஒரு மணிக்குப் பருப்பு சாதம், நெய், அரை முட்டை, ஒரு ஸ்பூன் கீரை மசியல். தூங்கி எழுந்ததும் நான்கு மணிக்கு 150 மில்லி பாலும் மசித்த கொண்டைக்கடலையும். ஏழு மணிக்குச் சிறிய தோசை, வேர்க்கடலைச் சட்னி. அதன்பின் 150 மில்லி பால். இதில் சேர்வது ஏறத்தாழ 1,030 கலோரி. எல்லாம் சாதாரண சமையலறைப் பொருள். பவுடர் டப்பா ஒன்றும் இல்லை.

வேலைக்குப் போகும் வீட்டில்

தாய் ஏழு மணிக்குக் கிளம்பும் வீட்டில் இந்த அட்டவணை பாட்டியின் கையில்தான் இருக்கிறது. அதனால் பாட்டியிடம் மூன்று செய்திகள் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும்: டீ கிடையாது, இடையில் கடைப் பாக்கெட் கிடையாது, மதியச் சாதம் பருப்பும் நெய்யும் இல்லாமல் கிடையாது. காலையிலேயே பருப்பைக் கெட்டியாக வேக வைத்துவிட்டால் மதியம் சாதத்தில் பிசைய ஒரு நிமிடம் போதும். உருண்டைகளைப் பல நாளைக்குச் சேர்த்துப் பிடித்து டப்பாவில் வைக்கலாம். அப்பாக்களுக்கும் இதில் பங்கு உண்டு. இரவுச் சாப்பாடு பல வீடுகளில் குடும்பம் முழுவதும் சேரும் ஒரே வேளை. அந்த வேளையில் அப்பா பிள்ளையோடு உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிடுவது பெரிய பாடம்.

இரண்டு வயதுக்கு மேல் பிள்ளை அங்கன்வாடிக்குப் போனால் சூடான கலவை சாதமும் வாரத்தில் மூன்று நாள் முட்டையும் கிடைக்கும். வீட்டில் வாயைத் திறக்காத பிள்ளை அங்கே மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமாகக் காணும் காட்சி. எட்டாவது மாடியில் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பிள்ளைக்குப் பசி எடுக்க வழியில்லை. மாலையில் ஒரு மணி நேரம் கீழே ஓடியாடுவதும், பகலில் நேரத்துக்குத் தூங்குவதும் பசிக்கு மருந்து.

தடுப்பு மருந்துகளும் இதோடு சேர்ந்தவை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்துச் சிரப், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ, ஒரு வயதிலிருந்து ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரை ஆகியவை அரசுத் திட்டத்தில் இலவசம். இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை, அதன்பின் முழு மாத்திரை. நசுக்கித் தர வேண்டும். கை கழுவாமல் ஊட்டினால் வரும் வயிற்றுப்போக்கு, ஒரு மாதம் பாடுபட்டு ஏற்றிய எடையை ஒரு வாரத்தில் இறக்கிவிடும். காய்ச்சல் விட்டபின் இரண்டு வாரம் வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும்.

செய்யக் கூடாதவை

ஊட்டச்சத்துப் பவுடர்கள் சோற்றுக்கு ஈடாகாது. பலவற்றில் சர்க்கரை கணிசம். அந்த இனிப்புக்குப் பழகிய நாக்கு வெறும் பாலையும் சாதத்தையும் ஒதுக்கும். 'ஹெல்த் ட்ரிங்க்' என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்று சுட்டிக்காட்டி, அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை விற்கக் கூடாது என இணைய விற்பனைத் தளங்களுக்கு ஒன்றிய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பசி சிரப்புகள் சிலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அது ஒவ்வாமைக்கான மருந்து; பசியைத் தூண்டுவது அதன் பக்கவிளைவு, தூக்கமும் மந்தமும் வரும். கொடுக்கும்வரை சாப்பிட்டு, நிறுத்தியதும் பழைய நிலைக்கு வரும் பிள்ளைகளே அதிகம். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வாங்கக் கூடாது.

பிள்ளை சாப்பிடாவிட்டால் 'தொக்கம் விழுந்திருக்கிறது' என்று எடுக்கக் கூட்டிப்போகும் வழக்கம் நகரிலும் இன்னும் இருக்கிறது. விழுங்கிய உணவு சில மணி நேரத்தில் இரைப்பையைக் கடந்து குடலுக்குப் போய்விடும். வாய்வழியே உறிஞ்சி எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தொண்டையில் காயமும் தொற்றும் வரலாம். அதைவிடக் கேடு, உண்மையான நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய நாட்கள் வீணாவது.

எப்போது மருத்துவர்?

மூன்று மாதம் எடை ஏறாமல் நின்றாலோ, எடை குறைந்தாலோ, அட்டையில் புள்ளி மஞ்சளுக்கோ ஆரஞ்சுக்கோ இறங்கினாலோ காத்திருக்கக் கூடாது. சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது, விழுங்க முடியாமல் தவிப்பது, ஒவ்வொரு வேளையும் வாந்தி, நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ, வெளிறிய உள்ளங்கை ஆகியவையும் மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். ஐந்தாறு உணவுக்கு மேல் எதையும் தொடாமல், குறிப்பிட்ட நிறத்தையோ பதத்தையோ மட்டும் ஏற்கும் பிள்ளை, பேச்சிலும் கண் பார்த்துப் பழகுவதிலும் பின்தங்கியிருந்தால் வளர்ச்சிப் பரிசோதனையும் தேவை. இரு பாதங்களிலும் வீக்கம், சோர்ந்து கிடப்பது, கைச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே ஆகியவை அவசரம்.

முதல் வாசல் அங்கன்வாடியும் ஆரம்ப சுகாதார நிலையமும். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. அந்த நாளில் பிள்ளையைத் தவறாமல் காட்ட வேண்டும். மேல்சிகிச்சைக்குக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து சிகிச்சையும் சிறப்பு உணவும் தரும் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் 2022 மே மாதம் உதகையில் தொடங்கப்பட்டது. அதன் இரண்டாம் கட்டம் 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொடங்கியது. பட்டியலில் பிள்ளையின் பெயர் சேர வேண்டுமானால் எடையும் உயரமும் அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

மாற்றம் ஒரு வாரத்தில் தெரியாது. சாப்பாட்டு நேரத்தின் அழுகை இரண்டு மூன்று வாரத்தில் குறையும். ஏற்கும் உணவுகளின் எண்ணிக்கை இரண்டு மூன்று மாதத்தில் கூடும். எடைக்கோடு நிமிர்கிறதா என்பதை மாதந்தோறும் எடுத்த மூன்று எடைகள் சொல்லிவிடும். தினமும் தராசில் நிறுத்துவதும், ஒரு வேளை மறுத்ததற்காகக் கலங்குவதும் வேண்டாம். ஒரு வாரத்தில் மொத்தமாக என்ன சாப்பிட்டது என்பதே கணக்கு. பச்சைப் பட்டைக்குள் தன் கோட்டிலேயே ஏறிவரும் பிள்ளை ஒல்லியாகத் தெரிந்தாலும் நலமான பிள்ளை. அதற்குக் கூடுதலாக எதுவும் தேவையில்லை. மூன்று எடைகளுக்குப் பிறகும் கோடு நிமிரவில்லை என்றால், அட்டையோடும் பிள்ளை ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதிய தாளோடும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்க அந்த இரண்டும் அவருக்குப் பேருதவியாக இருக்கும்.